பாட்டி பிறந்தது 1948, அந்த வருஷக் காசு எங்கேயும் இல்லை. பரிசு ஃப்ரேம் பாதியில் நிற்கிறது

பேத்தி_எண்3:

எல்லோருக்கும் வணக்கம். காசு சேர்க்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. கேள்வி சின்னப்பிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த மாதம் பாட்டிக்குப் பிறந்தநாள். அவர் பிறந்த வருஷத்துக் காசுகளை ஒரு ஃப்ரேமுக்குள் வரிசையாக வைத்து, நடுவில் அவருடைய இளவயதுப் படம் ஒன்றையும் போட்டுக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். ஆழமான பெட்டி ஃப்ரேம் வாங்கியாயிற்று. படத்தையும் பெரிதாக்கி வைத்துவிட்டேன். காசுதான் இல்லை.

பாட்டி பிறந்தது 1948. கேட்கிற இடமெல்லாம் "47 இருக்கு, 50 இருக்கு" என்கிறார்கள். நடுவில் உள்ளது மட்டும் யாரிடமும் இல்லை. ஒரே ஒருவர், 1948 என்று போட்ட ஒரு ரூபாய் இருப்பதாகப் படம் அனுப்பினார். ஒரு பக்கம் சிங்கத் தலைகள், மறுபக்கம் சாமி படம். வாங்கலாமா?

ஓரக்கோடு:

வாங்காதீர்கள் தங்கச்சி. அது காசே இல்லை, யாரோ அச்சடித்த வில்லை.

உங்கள் தேடலில் குறை ஒன்றுமில்லை. 1948, 1949 என்று வருஷம் போட்ட இந்தியப் புழக்கக் காசு கிடையவே கிடையாது. 1947 ஆகஸ்டில் ஆட்சி மாறியது, காசு மாறவில்லை. ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட காசுகளே தொடர்ந்து புழங்கின. அசோகத் தூண் சிங்கங்களோடு குடியரசின் முதல் வரிசை வந்தது 1950 ஆகஸ்ட் 15-இல். நடுவில் இரண்டு வருஷங்களுக்குப் பெயர் சொல்ல ஒரு காசும் இல்லை.

அந்த இரண்டு வருஷத்தில் பிறந்தவர்களுக்கு இப்படி ஃப்ரேம் செய்யப் போகிறவர்கள் எல்லோரும் இதே சுவரில்தான் முட்டிக்கொள்கிறார்கள்.

பேத்தி_எண்3:

ஐயோ. ஒரு மாதமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன் அண்ணா. அப்போ திட்டத்தையே மாற்ற வேண்டியதுதானா?

கறார்_கணக்கு:

ஏன் மாற்ற வேண்டும்? 1948-இல் உலகத்தில் வேறு யாரும் காசு அடிக்கவில்லையா? பிறந்த வருஷக் காசு என்றால் அந்த வருஷம் அதில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பாகிஸ்தானின் முதல் காசுகள் 1948 என்றே வந்தன. அதில் ஒரு பைசா நடுவில் ஓட்டை போட்டது. அது வேண்டாம் என்றால் பிரிட்டிஷ் பென்னி இருக்கிறது. 1948 பென்னி அரிதானது இல்லை. பெரிய வெண்கல வட்டம், 31 மி.மீ கிட்ட வரும், ஃப்ரேமில் எடுப்பாக இருக்கும்.

ஓரக்கோடு:

பென்னி யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் வேறு காரணத்துக்காக. 1948 பென்னியில் அரசர் தலையைச் சுற்றியுள்ள லத்தீன் எழுத்துகளை லென்ஸ் வைத்துப் பாருங்கள். கடைசியில் "இண்ட் இம்ப்" என்று சுருக்கி எழுதியிருக்கும். இந்தியாவின் சக்கரவர்த்தி என்று பொருள். சுதந்திரம் வந்து ஒரு வருஷம் ஆன பிறகும் அவர்கள் காசில் அவர் நமக்குச் சக்கரவர்த்திதான். 1949 காசில்தான் அந்தச் சொற்களை எடுத்தார்கள். 48 பென்னியையும் 49 பென்னியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எழுத்து குறைந்திருப்பது கண்ணுக்கே தெரியும்.

பழையபெட்டி:

சுவாரசியம்தான். ஆனால் அதைப் பார்த்து அந்தப் பாட்டி என்ன சொல்வார்? அவர் கையில் ஒரு நாளும் படாத காசு அது. அதற்கு ஒரு குறிப்பு எழுதி, அந்தக் குறிப்பைப் படித்துக் காட்டி, அப்புறம் அவர் "ஓ அப்படியா" என்று சொல்ல வேண்டும்.

நான் என் தாத்தாவுக்குச் செய்தபோது வருஷத்தைப் பிடித்துத் தொங்கவில்லை. அவர் சிறுவனாக இருந்தபோது கையில் என்ன காசு புழங்கியது என்று பார்த்தேன். 1948-இல் பிறந்த குழந்தை காசைக் கையில் வாங்கும் வயது வரும்போது அது ஓட்டைக் காலணாவாகத்தான் இருந்திருக்கும். 1943 முதல் 1947 வரை அடித்த வெண்கலக் காசு, நடுவில் வட்டமாக ஓட்டை. அதற்குப் பக்கத்தில் 1947-இன் ஓரணா, இரண்டணா. 1950-இன் குதிரை போட்ட காலணா. கடைசியில் 1957-இன் நயா பைசா. இதுதான் அவருடைய காசு.

கறார்_கணக்கு:

அதற்குப் பெயர் "சிறுவயதுக் காசு". தலைப்பில் "பிறந்த வருஷம்" என்று இருக்கிறதே.

பழையபெட்டி:

தலைப்பை மாற்றிக்கொள்ளலாம் சார், பாட்டியை மாற்ற முடியாது.

நித்தியகல்யாணி:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டில் வேறு மாதிரிச் சிக்கல். தாத்தாவுக்குச் சான்றிதழில் ஒரு வருஷம், சொல்வது ஒரு வருஷம். எதற்குக் காசு தேடுவது?

ஓரக்கோடு:

அவர் எதைச் சொல்கிறாரோ அதற்கு. பரிசு அவருக்குத்தானே, சான்றிதழுக்கு இல்லையே. மனசு கேட்கவில்லை என்றால் இரண்டு வருஷத்தையும் வையுங்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். எல்லாக் காசிலும் ஆங்கில வருஷம் இருக்காது. திருவிதாங்கூரின் 'சக்கரம்' என்ற காசில் 1114 என்று இருந்தால் அது கொல்லம் ஆண்டு, 1938 ஆகஸ்டில் தொடங்கி 39 ஆகஸ்ட் வரை. ஹைதராபாத் நிஜாம் காசில் இஸ்லாமிய ஆண்டான ஹிஜ்ரி. தாய்லாந்துக் காசில் புத்த ஆண்டு, அதில் 543-ஐக் கழிக்க வேண்டும். இது தெரியாமல் "அந்த வருஷக் காசு கிடைக்கவில்லை" என்று கையில் வைத்துக்கொண்டே தேடியவர்கள் உண்டு.

மலாயா_வாசகன்:

எங்கள் தாத்தா 1943, மலாயாவில் பிறந்தவர். அந்த வருஷத்து ஒரு சென்ட் சதுரமானது, மூலைகள் மழுங்கியிருக்கும். காசை உள்ளே வைக்கும் வட்டமான பிளாஸ்டிக் உறை வாங்கி வைத்துவிட்டு அதில் சதுரக் காசு ஆடிக்கொண்டிருக்கிறது. என்ன செய்யலாம்?

மரத்தூள்:

எதிர் மூலையிலிருந்து எதிர் மூலைக்கு அளந்து பாருங்கள், பக்கத்துக்குப் பக்கம் இல்லை. அந்த அளவுக்குத்தான் உறை வேண்டும். ஆட்டம் நிற்க, உள்ளே போடும் நுரை வளையத்தில் சதுரமாகத் துளை வெட்டிக்கொள்ளலாம். சதுர உறைகளும் உண்டு.

பேத்தி_எண்3 அவர்களுக்கும் இதுவே பொருந்தும். பழைய இந்தியக் காசில் வட்டம் பாதி, வட்டமில்லாதது பாதி. ஓரணா அலை அலையான ஓரம், இரண்டணா சதுரம், அரையணா சதுரம். காசு முழுக்கக் கையில் வந்த பிறகுதான் அட்டையில் துளை போட வேண்டும். உறையின் வெளி விட்டம் காசைவிட ஐந்தாறு மி.மீ கூடும். காசை அளந்து துளை போட்டுவிட்டு உறை நுழையவில்லை என்று நான் இரண்டு அட்டையைத் தூக்கிப் போட்டிருக்கிறேன். முதலில் ஏதாவது பழைய அட்டையில் வெட்டிப் பாருங்கள்.

பேத்தி_எண்3:

நன்றி அண்ணா. உறை கட்டாயமா? நான் துணி போர்த்திய அட்டையில் சூடான பசை வைத்து நேரடியாக ஒட்டிவிடலாம் என்று இருந்தேன்.

ஓரக்கோடு, பழையபெட்டி, மரத்தூள் மூவரும் ஒரே நிமிஷத்தில்:

வேண்டாம்.

ஓரக்கோடு:

(மூன்று பேரும் ஒன்றாகக் கத்தியதற்கு மன்னிக்க.)

பசை, இரட்டைப் பக்க ஒட்டுநாடா, எதுவும் காசைத் தொடக் கூடாது. காசு கெடும் என்பது ஒரு பக்கம். நாளைக்குப் பாட்டி "திருப்பிக் காட்டு, பின்னாடி என்ன இருக்கு" என்று கேட்டால் என்ன செய்வீர்கள்? உறைக்குப் பின்னால் ஒட்டுங்கள், காசு உள்ளே சும்மா உட்கார்ந்திருக்கட்டும்.

உறையிலும் ஒன்று பார்க்க வேண்டும். வளைந்து கொடுக்கும் மெத்தென்ற பிளாஸ்டிக் உறைகள் பெரும்பாலும் பி.வி.சி. அதை மென்மையாக்கச் சேர்க்கிற பொருள் சில வருஷங்களில் கசிந்து காசின் மேல் பச்சையாக, பிசுபிசுவென்று படியும். பார்க்கச் செம்பில் ஏறும் களிம்பு மாதிரியே இருக்கும், ஆனால் தொட்டால் ஒட்டும். அக்ரிலிக் உறை அல்லது மைலார் என்ற கண்ணாடி போன்ற தாளில் ஜன்னல் வைத்த அட்டை உறை வாங்குங்கள்.

பழையபெட்டி:

அந்தப் பச்சை என் தாத்தா ஃப்ரேமிலேயே வந்தது. முதல் தடவை மெத்து உறையில்தான் வைத்தேன். மூன்றாம் வருஷம் பார்த்தால் 1944 அரை ரூபாயில் ஜார்ஜ் ராஜாவின் காதோரம் பச்சைக் கோடு. சுத்தமான அசிட்டோனில் ஊறவைத்து எடுத்தேன். அதிலும் ஒரு பாடம். காசைக் கழுவிய கையோடு, ஈரம் காயும் முன்பே புது அக்ரிலிக் உறையில் போட்டுவிட்டேன். உறை உருகி வெள்ளையாகப் பூத்துவிட்டது. அசிட்டோன் அக்ரிலிக்கைத் தின்றுவிடும். நகப்பூச்சு நீக்கியும் அசிட்டோன்தானே என்று எடுக்காதீர்கள், அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும். ஜன்னலைத் திறந்து வைத்து, பக்கத்தில் நெருப்பு இல்லாமல் செய்ய வேண்டிய வேலை இது.

நித்தியகல்யாணி:

காசு கறுப்பாக இருந்தால்? பரிசாகக் கொடுக்கும்போது பளிச்சென்று இருக்க வேண்டாமா? புளி போட்டுத் தேய்த்தால் போய்விடும் என்கிறார் அம்மா.

பழையபெட்டி:

போய்விடும். கறுப்போடு ராஜாவின் புருவமும் போய்விடும்.

பள்ளிக்கூட நாளில் வீட்டிலிருந்த ஒரு வெள்ளி ரூபாயைப் பற்பசை வைத்துத் தேய்த்தேன். அன்றைக்குக் கண்ணைப் பறித்தது. இன்றைக்கு வெளிச்சத்தில் சாய்த்தால் முகமெல்லாம் மயிரிழை மயிரிழையாகக் கீறல். மேல் படிந்த கறுப்பு காசுக்கு ஒரு தோல் மாதிரி. மண், தூசி என்றால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, துடைக்காமல் ஒற்றி எடுங்கள். அதற்கு மேல் கையை வைக்காதீர்கள்.

மரத்தூள்:

கறுப்பு ஏறுவதற்கு ஃப்ரேமே காரணமாக இருப்பதும் உண்டு. வெள்ளிக்கு எதிரி கந்தகம். கம்பளித் துணி, ரப்பர், மட்டமான அட்டை எல்லாவற்றிலிருந்தும் அது வரும். ஓக் மரத்திலிருந்து அமில வாடை கசியும், மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப் பலகையின் பசையிலிருந்தும் கசியும். பேத்தி எண் மூன்று, உங்கள் பெட்டியின் பின்பலகை எம்.டி.எஃப்தான் என்று நினைக்கிறேன். அதற்கும் காசுக்கும் நடுவே அமிலமில்லாத அட்டை ஒன்று கொடுங்கள். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைக் கண்ணுக்குத் தெரியாத மூலையில் சொருகுங்கள், வெண்கலத்துக்கு ஈரம் ஆகாது.

பெரிய படமும் அசல் படமாக இருந்தால் அதை வைக்காதீர்கள். நகல் போடுங்கள். வெளிச்சத்தில் காசு வெளுக்காது, படம் வெளுத்துவிடும்.

பேத்தி_எண்3:

நகல்தான் அண்ணா. காசு விஷயத்தில் பழையபெட்டி சார் சொன்ன வழியில் போகலாம் என்று முடிவு செய்துவிட்டேன். ஓட்டைக் காலணா, 47 ஓரணா, இரண்டணா, 50 குதிரைக் காசு எல்லாம் வந்தாயிற்று. கறார் சாருக்காக ஒரு 1948 பென்னியும் வாங்கினேன்!

ஒரு சந்தேகம். 1947 ஒரு ரூபாய் ஒன்றும் எடுத்தேன். ராஜா தலை, மறுபக்கம் புலி. வீட்டில் சும்மா காந்தத்தை வைத்துப் பார்த்தேன், கப்பென்று ஒட்டிக்கொண்டது. வெள்ளி என்றால் ஒட்டாது என்று படித்தேன். ஏமாந்துவிட்டேனா?

ஓரக்கோடு:

இல்லை, ஒட்டாமல் இருந்தால்தான் பயப்பட வேண்டும். 1947 புலி ரூபாய் வெள்ளி இல்லை, நிக்கல். நிக்கலைக் காந்தம் இழுக்கும்.

கதை இதுதான். முன்பு ரூபாயில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. எடை 11.66 கிராம், சரியாக ஒரு தோலா. போர் வந்ததும் 1940-இல் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தார்கள். போர் முடிந்ததும் வெள்ளியே இல்லாமல் நிக்கலுக்குப் போனார்கள். ஆக 1945 ரூபாயைக் காந்தம் இழுத்தால் அது போலி, 1947-ஐ இழுக்காவிட்டால் போலி.

இது எல்லா நாட்டுக்கும் பொருந்துகிற சோதனை. அமெரிக்காவின் 1943 சென்ட் தாமிரத் தட்டுப்பாட்டால் எஃகில் அடித்து மேலே துத்தநாகம் பூசியது, அதையும் காந்தம் இழுக்கும். பூசிய தகட்டிலிருந்து வில்லை வெட்டியதால் ஓரத்தில் பூச்சு கிடையாது, துரு அங்கேயிருந்துதான் கிளம்பும். 43-இல் பிறந்தவருக்கு அதை வைப்பவர்கள் ஈரத்தில் இரட்டைக் கவனமாக இருங்கள்.

கறார்_கணக்கு:

பென்னி வாங்கியதற்கு நன்றி. நயா பைசாவை மறந்துவிட்டீர்களே. 1957-இல் பாட்டிக்கு ஒன்பது வயது. ஏப்ரல் 1-ஆம் தேதி கணக்கே மாறிப்போன வருஷம் அது. ரூபாய்க்குப் பதினாறு அணா போய் நூறு நயா பைசா. ஓரணாவுக்கு ஆறு, இரண்டணாவுக்குப் பன்னிரண்டு, மூன்றணாவுக்குப் பத்தொன்பது, நாலணாவுக்கு இருபத்தைந்து. ஓரணாவாக நாலு தடவை மாற்றினால் இருபத்து நாலுதான், மொத்தமாக மாற்றினால் இருபத்தைந்து. அந்த ஒரு பைசாவுக்கு எத்தனை சண்டை நடந்திருக்கும்! சின்ன வெண்கல ஒரு நயா பைசாவில் "ரூபாயின் நூறில் ஒரு பங்கு" என்று இந்தியில் எழுதியே இருக்கும், மக்களுக்குப் புரிய வேண்டுமே என்று.

பழையபெட்டி:

பார்த்தீர்களா, கறார் சாரே சிறுவயதுக் காசுக்கு வந்துவிட்டார்.

கறார்_கணக்கு:

பென்னி இருப்பதால் அனுமதிக்கிறேன்.

நித்தியகல்யாணி:

ஓரணாவில் இந்தி, வங்காளம், தெலுங்கு, உருது நாலு எழுத்திலும் "ஓரணா" என்று எழுதியிருக்கிறதே. தமிழ் எங்கே?

ஓரக்கோடு:

அந்தச் சண்டைக்குத் தனி இழை திறவுங்கள் அம்மா, இங்கே வேண்டாம்.

மரத்தூள்:

கடைசியாக இரண்டு விஷயம். ஓட்டைக் காலணா வைக்கும் இடத்தில் பின்னட்டையின் நிறம் ஓட்டை வழியாகத் தெரியும். கறுப்பு அட்டை என்றால் ஓட்டை இருப்பதே தெரியாது, காசில் அழுக்கு மாதிரி இருக்கும். வெளிர் நிறம் போடுங்கள். குறிப்புகளைப் பெரிய எழுத்தில் அடியுங்கள். பார்க்கப் போகிறவருக்கு வயது என்ன என்பதை நினைவில் வையுங்கள். நாம் கண்ணுக்கு அழகாக எட்டுப் புள்ளியில் அடித்துவிடுவோம், அவர் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருப்பார்.

முடிந்தால் கதவு திறக்கிற மாதிரி செய்யுங்கள். ஆணி அடித்து மூடினால் சுவரில் மாட்டிய காலண்டர் மாதிரி ஆகிவிடும்.

பேத்தி_எண்3:

எல்லாம் குறித்துக்கொண்டேன். முடிந்ததும் வந்து சொல்கிறேன்.

பேத்தி_எண்3 (ஐந்து வாரம் கழித்து):

வந்துவிட்டேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

வெளிர் சந்தன நிற அட்டை, எல்லாக் காசும் அக்ரிலிக் உறையில், பக்கத்தில் கீல் வைத்த கண்ணாடிக் கதவு. மரத்தூள் அண்ணா சொன்ன மாதிரி முதல் அட்டை பாழ், இரண்டாவதுதான் சரியாக வந்தது. மேலே "பாட்டியின் காசுகள்" என்று மட்டும் எழுதினேன். வருஷம் போடவில்லை.

பாட்டி முதலில் படத்தைத்தான் பார்த்தார். அப்புறம் புலி ரூபாயைப் பார்த்து "இதெல்லாம் பெரியவங்க கையில இருக்கும், நம்ம கிட்ட ஏது" என்றார். பென்னியைக் காட்டி இண்ட் இம்ப் கதையை முழுக்கச் சொன்னேன். பழையபெட்டி சார் சொன்னது போலவே "ஓ அப்படியா" என்றார். (கறார் சார், மன்னிக்கவும்.)

ஓட்டைக் காலணாவில் விரல் நின்றது. "இதைத் தொறந்து குடு" என்றார். உறையைத் திறந்து ஓரத்தைப் பிடித்துக் கொடுத்தேன், ஓரத்தைப் பிடித்தே வாங்கச் சொன்னேன். அவர் எங்கே கேட்டார்? உள்ளங்கையில் போட்டு, சுண்டுவிரலை ஓட்டையில் நுழைக்கப் பார்த்தார். நுழையவில்லை. "அப்போ நுழையும்" என்றார். வாசலில் உட்கார்ந்து, பத்துக் காசு சேர்ந்தால் கயிற்றில் கோத்து இடுப்பில் செருகிக்கொள்வாராம். காசு செல்லாமல் போன பிறகு அவருடைய அண்ணன் மிச்சமிருந்ததையெல்லாம் எடுத்துப் போய் சைக்கிளில் வாஷராகப் போட்டுவிட்டாராம். அதற்காக அண்ணனோடு இரண்டு நாள் பேசவில்லையாம். எழுபது வருஷத்துக்கு முந்தைய கோபம் அப்படியே குரலில் இருந்தது.

பேசிக்கொண்டே முந்தானை நுனியில் எச்சில் தொட்டுக் காசைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் பதறி "பாட்டி, தேய்க்கக் கூடாது" என்று சொல்வதற்குள் ஜார்ஜ் ராஜாவின் கிரீடம் பளபளவென்று ஆகிவிட்டது.

ஓரக்கோடு:

எச்சிலா!

பழையபெட்டி:

விடுங்கள் ஓரக்கோடு. அது அவருடைய காசு.

பேத்தி_எண்3:

இப்போது அந்த உறை மட்டும் ஃப்ரேமில் காலியாக இருக்கிறது. காசு அவருடைய சுருக்குப்பையில். இன்னொன்று வாங்கி வைக்கலாமா, இல்லை காலியாகவே விடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மரத்தூள்:

காலியாக விடுங்கள். வெளிர் அட்டைதானே, நன்றாகத்தான் இருக்கும்.